எருசலேம் பஞ்சாயத்தும் எங்கள் ஊர் அசனமும்

சபைகளில் வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் வேலையில், போகிற வீட்டில் மோர் தாமதமாகத்தான் வரும். கேள்வி மட்டும் நாம் உட்காருவதற்கு முன்பே வந்துவிடும். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள், பள்ளிக்கூட வாத்தியார்கள், கல்யாணத் தரகர்கள் என்று வாயை வைத்துப் பிழைக்கிற எல்லோருக்கும் நான் படும் பாடு புரியும்.

எழுபதுகளின் கடைசி. கோவில்பட்டியில் குடியிருந்துகொண்டு சுற்றுவட்டாரச் சபைகளுக்குச் சைக்கிளில் போய் வருவேன். வெயில் காலத்தில் நான் சைக்கிள் மேல் போவேன். மழை பெய்து கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டால் சைக்கிள் என் மேல் வரும். கயத்தாறு போகும் வழியில் உள்ளே தள்ளி ஒரு சிற்றூர். அங்கே மூன்று தலைமுறையாக வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், இருக்கிற சில குடும்பங்கள். அவர்களுக்குத் தலைவர் கோயில் கமிட்டி அருளப்பன் அண்ணாச்சி. அந்த வருஷம் ஆடு மேய்க்கிற சுடலைமுத்துவும் அவர் தம்பிமார் குடும்பங்களும் சபையில் சேர வந்தார்கள். சேர்த்துக்கொள்வதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் கோயில் பண்டிகை அன்று சபை முழுக்க உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து ஒன்று உண்டு, அசனம் என்போம். அதில் புதியவர்களை ஒரே பந்தியில் உட்கார வைப்பதா என்பதில்தான் ஊர் இரண்டாகி நின்றது. சுடலைமுத்துவின் மனைவி பேச்சியம்மாள் என்னிடம் முதல் நாளே சொல்லிவிட்டாள்: "தனிப் பந்தின்னா நாங்க வரலய்யா. கஞ்சி எங்க வீட்டுலயே இருக்கு."

இயேசு எந்தச் சபை?

ஞானஸ்நானம் எடுக்கப் போகிறவர்களுக்கு நான் வகுப்பு நடத்தினேன். நான் ஒழுங்காக நடத்துகிறேனா என்று மேற்பார்வை பார்க்க அருளப்பன் அண்ணாச்சி முன்வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்வார். முதல் வகுப்பில், இயேசு யூதர், அவருடைய அம்மா யூதப் பெண், சீஷர்கள் அத்தனை பேரும் யூதர்கள் என்று ஆரம்பித்தேன். புதியவர்கள் சரி என்று தலையாட்டினார்கள். அண்ணாச்சிக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது.

அவர் இத்தனை காலம் இயேசுவைத் தம் சபை ஆளாகவே நினைத்திருந்தார் போலிருக்கிறது. இயேசு யூதராகவே பிறந்து, ஜெப ஆலயத்துக்குப் போய், பஸ்கா பண்டிகை கொண்டாடி, யூதராகவே மரித்தார் என்றேன். அவர் உயிர்த்தெழுந்த பிறகும் சீஷர்கள் எருசலேம் தேவாலயத்துக்குத்தான் போய் ஜெபம் செய்தார்கள், புது மதம் தொடங்குகிறோம் என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை என்றும் சொன்னேன். அண்ணாச்சி ஒருவழியாகச் சமாதானத்துக்கு வந்தார்.

"யூதராவே இருந்துட்டுப் போட்டும் வே. ஆனா நம்ம ஊருல பொறந்திருந்தா நம்ம கோயிலுக்குத்தான வந்திருப்பாரு?"

ஆட்டுக்கு ஏது ஓய்வுநாள்

அண்ணாச்சியின் முதல் புகார், சுடலைமுத்து ஞாயிற்றுக்கிழமையும் ஆடு பத்திக்கொண்டு போகிறார் என்பது. ஓய்வுநாளை மீறுகிறவனுக்கு ஞானஸ்நானமா என்றார். யூதர்களின் ஓய்வுநாள் சனிக்கிழமை என்று நான் விளக்க வேண்டியதாயிற்று. முதலில் விசுவாசித்தவர்கள் சனிக்கிழமை தங்கள் ஜனங்களோடு ஓய்ந்திருந்தார்கள், மறுநாள் ஆண்டவர் உயிர்த்த நாள் என்று தனியாகக் கூடி அப்பம் பிட்டார்கள். யூதர் அல்லாதவர்கள் பெருகப் பெருக, இந்த இரண்டாவது நாளே நிலைத்துவிட்டது.

இதைச் சொன்னதும் அண்ணாச்சி கொஞ்சம் அடங்கினார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து வேதபுத்தகத்தை மூடப் போனேன். பின்வரிசையில் பேச்சியம்மாள் எழுந்து நின்றாள்.

"நாளை மாத்துத வழக்கம் முன்னமே இருக்குல்லா? அப்ப எங்களுக்குச் செவ்வாய்க்கிழமையா மாத்திக் குடுங்க, அன்னைக்குத்தான் சோலி கம்மி."

காது வெட்டு

என் உத்தியோகத்திலேயே ஆகக் கஷ்டமானது விருத்தசேதனம், அதாவது சுன்னத்து, பற்றிய பாடம். ஆண்களும் பெண்களும் கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆபிரகாம் காலத்திலிருந்து யூத ஆண்பிள்ளைகளுக்குச் சரீரத்தில் ஓர் அடையாளம் உண்டு, அது கடவுளோடு செய்த உடன்படிக்கைக்குச் சாட்சி என்று பட்டும் படாமலும் சொல்லிக்கொண்டு போனேன். சுடலைமுத்து, "எங்கன அய்யா?" என்று கேட்டார். நான் தண்ணீர் குடித்தேன். அண்ணாச்சி கோயில் விட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தார். கடைசியில் சுடலைமுத்துவை வெளியே சைக்கிள் பக்கம் அழைத்துப் போய்க் காதோடு காதாகச் சொன்னேன். மனிதர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

உள்ளே வந்து மீதியைச் சொன்னேன். யூதர் அல்லாதவர்கள் இயேசுவை ஏற்றுக்கொண்டு வந்தபோது, இந்த அடையாளத்தோடு முதலில் யூதராகு, அப்புறம் வா என்று சிலர் பிடிவாதம் பிடித்தார்கள். யூதர் அல்லாதவர்களிடம் போய் உபதேசித்த பவுல், கூடவே கூடாது என்று சண்டைக்கு நின்றார். சுடலைமுத்துவுக்குப் பவுலை ரொம்பப் பிடித்துப் போயிற்று. அடுத்த வாரம் வரும்போதே வாசலில் என்னை மறித்தார்.

"மந்தை கலந்துபோகும்னு நாங்களும் ஆட்டுக்குக் காதுல வெட்டி அடையாளம் போடுதோம். ஆனா வெட்டைப் பாக்காமலே எனக்கு என் ஆடு தெரியுது. சாமிக்குத் தெரியாதாய்யா?"

நாலே நாலு சட்டம்

அண்ணாச்சி அசரவில்லை. புதியவர்கள் நெற்றிப் பொட்டை அழிக்க வேண்டும், பேரை மாற்ற வேண்டும், கோயிலுக்கு வெள்ளைச் சேலையில் வர வேண்டும், எங்களைப் போலப் பேச வேண்டும், உட்கார வேண்டும், அதற்குப் பிறகு பந்தியைப் பற்றி யோசிக்கலாம் என்று வரிசையாகச் சொன்னார். இதே பஞ்சாயத்து எருசலேமில் நடந்திருக்கிறது அண்ணாச்சி என்று அந்தக் கதையை எடுத்தேன். அப்போஸ்தலர்கள், அதாவது இயேசுவின் முதல் சீஷர்கள், கூடினார்கள். காரசாரமாகப் பேசினார்கள். நமக்கே பாரமான நுகத்தடியை இவர்கள் கழுத்தில் ஏன் வைக்க வேண்டும் என்று மூத்த சீஷர் பேதுரு கேட்டார். யூதராக மாற வேண்டாம், நாலே நாலு காரியத்தை மட்டும் விலக்கினால் போதும் என்று எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபு தீர்ப்புச் சொன்னார். அன்றைக்குத்தான் கிறிஸ்தவம் என்ற பிள்ளை, யூத மதம் என்ற தாய் வீட்டிலேயே தனியடுப்புக்குக் கல் தேடியது என்று சொல்லலாம்.

அந்த நாலையும் சொல்லச் சொல்லி அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். சொன்னேன்: விக்கிரகத்துக்குப் படைத்தது, ஒழுக்கக்கேடு, நெரித்துக் கொன்றது, இரத்தம். கடைசி வார்த்தையில்தான் வினை வந்தது. ஊரில் ஆடு அடித்தால் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு வதக்கிய ரத்தப் பொரியல் முதலில் போவது அண்ணாச்சி வீட்டுக்குத்தான். அவருக்கு அதைக் கொடுத்தனுப்புகிறவரே சுடலைமுத்துதான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வேய் உபதேசியாரே, அந்தப் பக்கத்தைப் பெறவு பாத்துக்கிடலாம். இப்ப அடுத்த அதிகாரத்துக்குப் போவும்."

பேர்

கிறிஸ்தவர் என்ற பெயரே அந்த முதல் சீஷர்கள் தாங்களாகச் சூட்டிக்கொண்டதல்ல என்பதையும் ஒரு நாள் சொன்னேன். அந்தியோகியா ஊரில் யூதரும் மற்றவர்களும் ஒன்றாகக் கூடுவதைப் பார்த்துவிட்டு, இதென்ன புதுக் கூட்டம் என்று வெளியாட்கள் வைத்த பெயர்தான் அது. நம்மை ஊரில் வேதக்காரர் என்கிற மாதிரி. அப்படியானால் பேர் முக்கியம்தானே என்று அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். சுடலைமுத்துவுக்குச் சாலமோன் என்ற பெயரைத் தாமே தேர்ந்தெடுத்தும் கொடுத்தார். சுடலைமுத்து கொஞ்சமும் மறுக்கவில்லை.

"வையுங்க அண்ணாச்சி. வீட்டுக்காரி 'இங்கேருங்க'ங்கா, ஆடு 'ம்மே'ங்குது, எம்பேரைச் சொல்லி யாரு கூப்பிடுதா?"

அசனம்

கடைசி வகுப்பில் அந்தியோகியாவில் நடந்த இன்னொரு விஷயத்தைச் சொன்னேன். பேதுரு அங்கே யூதர் அல்லாதவர்களோடு சந்தோஷமாக ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும், என்ன நினைப்பார்களோ என்று பயந்து மெல்ல எழுந்து ஒதுங்கிவிட்டார். பவுல் எல்லோருக்கும் முன்னால் அவரைப் பிடிபிடியென்று பிடித்தார். அண்ணாச்சி இதைக் கேட்டதும் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, ஒரே பந்தி என்று ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்று சைக்கிள் மிதித்ததே தெரியவில்லை.

பண்டிகை அன்று காலை ஞானஸ்நானம், மத்தியானம் அசனம். பந்தலில் அண்ணாச்சி சுடலைமுத்துவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். எதிர்வரிசையில் பேச்சியம்மாள், பொட்டும் புதுச்சேலையுமாக. நான் சாம்பார் வாளியோடு வருகிறேன், வாசலில் ஒரு கார் வந்து நின்றது. தெற்கேயிருந்து அண்ணாச்சியின் சம்பந்தி வீட்டார். பரம்பரை பரம்பரையாக வேதக்காரர்கள், பழக்கவழக்கத்தில் அண்ணாச்சிக்கே பாடம் எடுக்கக் கூடியவர்கள். பந்தலுக்குள் நுழைந்தவர்கள் பந்தியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்கள். அண்ணாச்சியின் கை இலையில் நின்றது. இடது கையைத் தரையில் ஊன்றினார். அவர் எழுந்தால் புதியவர்கள் அத்தனை பேரும் எழுவார்கள், திரும்பி வரவே மாட்டார்கள்.

அவர் பாதி எழுந்துவிட்டார். அப்போது பேச்சியம்மாள், பந்தல் முழுக்கக் கேட்கும்படி, "அண்ணாச்சி, பேதுரு இப்படித்தான் எந்திரிச்சாரோ?" என்றாள். பந்தியே சிரித்துவிட்டது. அண்ணாச்சியின் காது சிவந்துபோயிற்று. "உப்பு வாங்கதுக்குல்லா எந்திரிச்சேன்" என்று மறுபடி உட்கார்ந்தார். அவருடைய இலையில் உப்பு இருந்தது. சம்பந்தி பக்கத்தில் குனிந்து, இவர்களெல்லாம் யார் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அண்ணாச்சி தாழ்ந்த குரலில் பதில் சொல்லவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சாம்பார் ஆவி என்று சொல்லிக்கொண்டேன்.

"யாரா? எங்க சபைக்காரவிய. செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு நீங்களும் இங்கன உக்காருங்க, சோறு ஆறுதுல்லா."

எருசலேமில் அப்போஸ்தலர்கள் என்றைக்கோ பேசி முடித்த பஞ்சாயத்தை ஊருக்கு ஊர் மறுபடி முதலிலிருந்து முடித்து வைப்பதற்குத்தான் உபதேசியார் என்று ஒருவனை வைத்து, அவனுக்கு ஒரு சைக்கிளும் கொடுத்திருக்கிறார்கள்.