எங்கள் போனுக்கு ஒரு குறையும் இல்லை

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த செல்போனைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். அந்தப் போன் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆகட்டுமே, அதற்காக நல்லதை நல்லது என்று சொல்லக் கூடாதா?

சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் அண்ணன், லீவில் வந்தபோது அதைக் கொண்டுவந்தார். கொண்டுவந்தது சித்திக்காக. சித்தி அம்மாவின் தங்கை. சிதம்பரத்தில் எங்களோடுதான் இருந்தாள். தினமும் காலையில் பஸ் பிடித்துக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கு வேலைக்குப் போய்வந்தாள். அவர்கள் மூன்று பேருக்கும் அப்பா இல்லை. மாமா சொன்னதுதான் சட்டம். "பொம்பளப் புள்ள தனியா போவுது, எங்க இருக்குன்னு எனக்குத் தெரியணும்" என்று சொல்லி அவள் கையில் போனைக் கொடுத்தார். அன்றிலிருந்து தினமும் ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து மணி அடிக்கும். எந்த பஸ், எத்தனை மணிக்கு இறங்கினாய், ஏன் லேட்டு. சித்தி தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்று பதில் சொல்வாள். நான் பக்கத்தில் நின்று போனையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அடடா, என்ன அழகு அது! கறுப்பில் பளபளவென்று, ஓரத்தில் மெல்லிசாகச் சிவப்புக் கோடு. என் ஜாமெட்ரி பாக்ஸில் பாதி கனம்கூட இல்லை. பட்டனை அமுக்கினால் எண்களுக்கு அடியில் நீல வெளிச்சம் ஓடும். உச்சந்தலையில் ஒரு டார்ச். கரண்ட் போனால் தெருவே இருட்டில் கிடக்கும்போது எங்கள் வீட்டில் மட்டும் அம்மா ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருப்பாள், நான் டார்ச் பிடிப்பேன்.

குறை சொல்லவும் ஆள் இருந்தது. எதிர்வீட்டு அண்ணன் ஒரு சைனா போன் வைத்திருந்தார். அதில் பாட்டு வரும், படம் எடுக்கலாம், ஸ்பீக்கர் அலறினால் பால்காரர் மாடு மிரளும். "உங்க போன்ல என்னா இருக்கு? ஹலோன்னா ஹலோ, அவ்ளோதான" என்பார். அவர் போன் மத்தியானத்துக்குள் மூச்சை விட்டுவிடும் என்பதை அவர் சொல்லமாட்டார். எங்கள் போன் ஞாயிற்றுக்கிழமை சார்ஜ் போட்டால் அடுத்த ஞாயிறு வரைக்கும் தாங்கும். அந்த சார்ஜ் போடுகிற வேலை என்னுடையது. ஐந்தாம் வகுப்புப் படிக்கிறவளுக்கு அந்த வீட்டில் வேறு என்ன பதவி கிடைக்கும்? வேறு யாரும் சார்ஜரைத் தொட்டால் ரணகளம்தான்.

நியாயமாகப் பேசினால் குறையும் கொஞ்சம் உண்டு. யாராவது தமிழில் மெசேஜ் அனுப்பினால் வெறும் கட்டம் கட்டமாக வரும். மணிச் சத்தம் ஜாஸ்தி. பஸ்ஸில் அடித்தால் டிரைவரே திரும்பிப் பார்ப்பார் என்று சித்தி சொல்வாள். அப்புறம் அந்தப் பளபளப்பு, அது வழுக்கும். பிச்சாவரத்தில் படகில் போனபோது என் கையிலிருந்து நழுவிப் படகின் அடியில் தேங்கியிருந்த தண்ணீரில் விழுந்தது. நான் போட்ட கூச்சலில் சுரபுன்னைக் காட்டுக் கொக்கெல்லாம் பறந்தன. சித்தி பதறவில்லை. துடைத்து, வீட்டுக்கு வந்து அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தாள். இரண்டு நாள் கழித்து எடுத்து அமுக்கினால் நீல வெளிச்சம்! எதிர்வீட்டு அண்ணனின் போனை அப்படிப் போட்டுப் பார்க்கட்டும்.

அடுத்த லீவுக்கு வந்தபோது மாமா ஒரு வரனோடு வந்தார். மாப்பிள்ளையும் சிங்கப்பூரில்தான் வேலை. நெல்லிக்குப்பத்துக்காரர்கள், கரும்பு, டிராக்டர், மாடி வீடு. ஒரே ஒரு நிபந்தனை, கல்யாணத்துக்கு அப்புறம் பெண் வேலைக்குப் போகக் கூடாது. மாமா சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். சித்தி அவரிடம், "அண்ணே, வேலைய மட்டும் விடச் சொல்லாத" என்று கெஞ்சியதை நான் கேட்டேன். மாமா பேப்பரை மடித்துக்கொண்டே, "அதெல்லாம் அவுங்ககிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். பேசவில்லை. எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. பட்டுப்பாவாடை எடுத்துக் கொடுத்திருந்தார்கள்.

பெண் பார்க்க வருகிற அன்றைக்கும் சித்தி, "அரை நாள் போயிட்டு மூணு மணிக்கு வந்துடறேன்" என்று கிளம்பினாள். முந்தின நாளே நான் போனுக்குச் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். தேவையே இல்லை, ஆனாலும் விசேஷம் இல்லையா.

மூன்று மணி ஆனது, சித்தியைக் காணோம். நாலு மணிக்கு வேன் வந்து நின்றது. பூ, பழம், ஆப்பிள் அடுக்கிய தட்டு. கூடம் நிறைய ஆட்கள். அம்மா கேசரி கொடுத்தாள், பஜ்ஜி கொடுத்தாள், காபி கொடுத்தாள், மறுபடி பஜ்ஜி கொடுத்தாள். மாமா தன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார், காதில் வைத்தபடி நடப்பார், வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவார். மறுபடி போவார். கடைசியில் கூடத்து நடுவில் நின்று சிரித்த முகமாக, "போன் ஆஃப் ஆயிருக்குங்க. சின்னப் போனு, சார்ஜ் நிக்காது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் சொல்வது இதை? வாங்கி வந்தவரே சொல்வதா? போதாததற்கு மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே, "ஆமாமா, அந்த மாதிரி மட்டமான போன்லாம் அப்படித்தான். எம்புள்ளகிட்ட சொன்னா நல்லதா ஒண்ணு வாங்கித் தருவான்" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சித்தி வந்தாள். காலையில் உடுத்திப் போன அதே சேலை. அதன் ஓரமெல்லாம் மணல். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மாமா முந்திக்கொண்டு, "என்னம்மா, போன் ஆஃப் ஆயிடுச்சா?" என்று கேட்டார். சித்தி அவரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். தோளில் இருந்த கைப்பையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "ஆமாண்ணே. சார்ஜ் இல்ல" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குமேல் பொறுக்க நான் என்ன கல்லா? சார்ஜ் போட்டவள் நான்! பையைத் திறந்து போனை எடுத்தேன். பேட்டரிப் படத்தில் எல்லாக் கோடும் ஜம்மென்று நின்றது. நேரே மாப்பிள்ளையின் அம்மாவிடம் போனேன். "பாருங்க, ஃபுல்லா இருக்கு. இது ஆஃப் ஆவவே ஆவாது. மிஸ்டு கால் பாருங்க, எல்லாம் மாமா பண்ணது. ஆஃப்ல இருந்தா மிஸ்டு கால் எப்படி விழும்?" ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினேன். நம்பாதவர்களுக்காக டார்ச்சையும் போட்டேன். அது மாமா முகத்தில் விழுந்தது.

மாப்பிள்ளையின் அம்மா சித்தியைப் பார்த்து, "மணி அடிச்சும் எடுக்கலியா? ஏம்மா?" என்றார்.

சித்தி நேராக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "எடுக்கலைங்க. எடுத்தா அண்ணன் வான்னு சொல்லுவாரு, நானும் வந்துடுவேன். எனக்கு வேலைய விட இஷ்டமில்லைங்க. அண்ணங்கிட்ட சொன்னேன், அவரு உங்ககிட்ட சொல்லல."

மாப்பிள்ளையின் அப்பா அதுவரை வாயே திறக்காதவர். "இத முன்னாடியே சொல்லியிருந்தா இன்னிக்கு கரும்பு லோடாவது ஏத்தியிருப்பனே" என்று கிளம்பினார். கோபித்துக்கொண்டதாகவே தெரியவில்லை. ஆனால் ஆப்பிளைத் தட்டோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதில்தான் எனக்கு வருத்தம்.

மாமா லீவு முடிகிற வரைக்கும் சித்தியோடு பேசவில்லை. சிங்கப்பூர் போன பிறகு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் மணி அடிக்கவில்லை. போன் கெட்டுவிட்டதோ என்று பயந்து நான் தினமும் எடுத்து அமுக்கிப் பார்ப்பேன். நீல வெளிச்சம் ஓடும். சித்தி பாட்டுக்கு உட்கார்ந்து, மறுசோறு வாங்கி, நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். பொங்கலுக்கு மாமா கூப்பிட்டார். பஸ்ஸைப் பற்றிக் கேட்கவில்லை, லேபில் என்ன வேலை என்று கேட்டார். சித்தி உட்கார்ந்துகொண்டே பேசினாள்.

வேலையை விடாமலே அவளுக்குக் கல்யாணமும் நடந்தது, ஸ்ரீமுஷ்ணத்தில். போன வருடம் ஒரு விசேஷத்தில் குழந்தைகளையெல்லாம் உட்கார வைத்து, அந்தப் போனின் மானத்தை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்று அளந்துகொண்டிருந்தேன். சித்தியும் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளே சொன்னாள். பெண் பார்க்க வந்த அன்று மத்தியானமெல்லாம் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தாளாம். பைக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். சுண்டல் விற்ற அம்மா, "எடும்மா, பாவம் யாரோ கூப்புடுறாங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாளாம்.

"ஏன் சித்தி, அவ்ளோ சத்தத்த ஏன் கேட்டுக்கினு இருந்த? செவப்பு பட்டன அமுக்கினா ஆஃப் ஆயிடுமே" என்றேன். எனக்கே தெரிந்த பட்டன் அது.

சித்தி என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். "அண்ணன் என்னா சொல்லிச் சமாளிப்பாருன்னு எனக்குத் தெரியாதா? நானும் அவரு முன்னாடி ஆமா போட்டுடுவேன். ஆஃப் பண்ணி வெச்சிருந்தா நீ என்னாத்தடி காட்டியிருப்ப?"

பக்கத்திலேயே அம்மா நிற்க, சித்தி பையை என் கையில் ஏன் கொடுத்தாள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. வழக்கம்போல என்னிடம் கொடுக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.