ஓடை சுட்ட நாள்

நான் பொதுப்பணித்துறையில் லஸ்கர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், ஒரு பங்குனி மத்தியானம், என் ஓடையில் மீன்கள் செத்து மிதந்தன. கோதையாற்றில் சேரும் சிற்றோடை அது. தினமும் இறங்கி, அங்கே நட்டிருக்கும் கேஜ் என்கிற அளவுக் கம்பத்தில் தண்ணீர் மட்டம் பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை.

கெண்டைகள் வாய் திறந்து, வெள்ளை வயிறு மேலாக ஒதுங்கிக் கிடந்தன. ஒரு காக்கைகூட வரவில்லை. ரப்பர் வைப்பதற்காக ஒரு எஸ்டேட்டார் மேலே இரு கரையிலும் காட்டை வெட்டிய பிறகு அங்கே பறவைச் சத்தமே இல்லை. என் மூச்சு எனக்கே கேட்டது.

கரையில் மாதன் காணி என்கிற மலைவாசியை ஊரார் தென்னையில் கட்டியிருந்தார்கள். நஞ்சுள்ள காட்டுக்காயை இடித்து ஓடையில் கலக்கி மீன் பிடிப்பது மலையிலுள்ள காணிக்காரப் பழங்குடிகளின் வழக்கம். சந்தேகம் வேறு யார்மேலும் போகவில்லை. தகவல் கேட்டு என் ஓவர்சியரும் வந்திருந்தார்.

"ஊரு குடிக்கிற வெள்ளத்துல நஞ்சு கலக்கியிருக்கான், ஓவர்சியரே. ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக முன்ன ரெண்டு குடுத்தா உண்மை வரும்" என்றார் ஊர்க்காரர் தங்கையன். கையில் கம்பு இருந்தது.

"நான் கலக்கேல்ல ஏமானே. கலக்கினா மீன விட்டுட்டா போவேன்? கூடையோடல்லா வந்திருப்பேன்" என்றார் மாதன்.

"வாயப் பாத்தீரா?" என்றார் தங்கையன்.

ஓவர்சியர் என் பக்கம் திரும்பினார். "நீ தெனமும் எறங்குதவன்லா. என்னடே சொல்லுக?"

நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு எழாது. ஓடையில் இறங்கி மேல்நோக்கி நடந்தேன். அவரும் தங்கையனும் கரையோரமாக வந்தார்கள். கணுக்காலளவுத் தண்ணீர், குளிக்க விளாவி வைத்ததுபோலச் சுட்டது.

வளைவில் ஒரு நாவல் மரம் மட்டும் நின்றது. மாடன் சாமி இருக்கிற மரம் என்று வெட்டுகிறவர்கள் பயந்து விட்டுப்போனது. அதன் நிழலில், பாறை இடுக்கில் ஊற்று கசியும் இடத்தில், நூற்றுக்கணக்கான கெண்டைகள் உயிரோடு, ஒன்றோடொன்று ஒட்டி, எல்லாத் தலையும் பாறையைப் பார்த்தபடி அசையாமல் நின்றன. என் கால் உரசியும் ஒன்றுகூட விலகவில்லை. அங்கே தண்ணீர் சில்லென்று இருந்தது. 

"மாடனுக்க காவலு" என்று தங்கையன் பின்வாங்கினார்.

ஓவர்சியர் அங்கே கையை முக்கினார். பத்தடி மேலே போய் மறுபடி முக்கினார்; அங்கே சுட்டது.

"நஞ்சுன்னா இதுவும் செத்திருக்கும். நெழலு போச்சு, வெயிலு வெள்ளத்த வேகவச்சிருக்கு. அவன அவுத்துவிடும் ஓய்."

திரும்பி வந்து தங்கையனே மாதனின் கட்டை அவிழ்த்தார். ஓவர்சியர் என்னிடம் கேட்டார்:

"எப்ப இருந்துடே சுடுகு?"

"பத்து நாளாட்டு."

"பின்ன ஏன் சொல்லேல்ல?"

"நோட்டுல அதுக்குக் கட்டம் இல்ல."

மாதன் காணி மணிக்கட்டைத் தடவியபடி என்னைப் பார்த்தார். பிறகு வெட்டுப்பட்ட கரையோடு மலையேறிப் போனார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு எனக்குச் சொல்லத் தெரிந்தது இதுதான். மட்டத்தோடு, காலில் படும் சூட்டையும் ஓரத்தில் எழுதிவையுங்கள். மாற்றம் கண்டால் யாரிடமாவது சொல்லுங்கள். நான் கூச்சப்பட்டு வாயை மூடியிருந்ததற்கு வேறொருவர் கட்டுண்டு நின்றார்.