பள்ளத்துச் சுவரின் ஐந்தாவது ஓட்டை

இது நான் கட்டிய கதை இல்லை. எனக்குச் சுவர் கட்டத்தான் தெரியும். பேய் ராத்திரியில்தான் வரும், குடித்தவன் கண்ணுக்குத்தான் தெரியும் என்று சிரிப்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். இது நடந்தது பகல் மூன்றரை மணிக்கு. நான் குடிப்பதில்லை. சாட்சிக்கு என் வலது கை இருக்கிறது. அதில் மூன்று விரல் இன்றுவரை மடங்காது.

என் பெயர் சகாயம். கட்டட வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்பவன். கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் அப்புசாமி என்பவருடைய தறி ஷெட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம் ஓடுகிறது. ஓடையை எங்கள் பக்கம் பள்ளம் என்றுதான் சொல்வோம். 2022இல் அதன் கரையில் பன்னிரண்டு அடி உயரத்துக்குக் கான்கிரீட் தடுப்புச் சுவர் எழுப்பி, பின்னால் மண் நிரப்பி, மேலே ஷெட் போட்டுக் கொடுத்தது நான்தான். மண்ணில் இறங்கும் தண்ணீர் வடிவதற்காகச் சுவரில் வரிசையாகக் குழாய் ஓட்டைகள் வைத்திருந்தேன். பாம்பு ஏறுகிறது என்று அப்புசாமி முனகவே, மண் நிரப்பிய நாலாம் நாளே அத்தனையையும் சிமென்ட் வைத்து அடைத்துக் கொடுத்தேன். புத்தி கெட்ட வேலை. வடிய வழி இல்லாத தண்ணீர் சுவரைத்தான் தள்ளும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

2024 நவம்பர். மூன்று நாள் விடாத மழை. மதியம் 2.50க்கு அப்புசாமி போன் செய்தார்.

"ஏனுங்க சகாயம், செவுத்துல விரிசல் உட்டிருக்குதுங்க. வந்து பாத்துப்போட்டுப் போங்க."

3.10க்கு நானும் கொத்தனார் ராமுலுவும் அங்கே நின்றோம். பள்ளத்து வெள்ளம் சுவரின் அடிமண்ணை அரித்துத் தின்றிருந்தது. கடைக்கால் அப்படியே வெளியே தெரிந்தது. அடியில் பிடிப்பில்லை. பின்னால் ஊறிப்போன மண் தள்ளுகிறது. மேலே ஷெட்டில் ஆறு பேர் தறி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஆளுங்களை வெளிய கூப்பிடுங்க. இப்பவே," என்றேன்.

"நாளைக்கு லோடு ஏறோணுமுங்க. அரை மணி நேரம் பொறுங்க. நீங்க கட்டின செவுருதானுங்களே!"

அந்த மனுஷனை அங்கேயே ஓர் அறை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. ஓட்டைகளைத் திறந்துவிட்டால் அழுத்தம் குறையும், அந்த ஆறு பேர் இறங்கவாவது நேரம் கிடைக்கும் என்று தோன்றியது. இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைக் கரையில் நின்ற ராமுலுவிடம் கொடுத்தேன். உளியும் சுத்தியலுமாகத் தண்ணீரில் இறங்கினேன். தொடை வரை வெள்ளம். கால் நிற்கவில்லை.

3.22. முதல் அடைப்பு உடைந்தது. டீ நிறத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவதும் அப்படித்தான்.

ஐந்தாவதில் தண்ணீர் வரவில்லை.

காற்று வந்தது. சூடாக. சற்று நின்றது. பிறகு உள்ளே இழுத்தது... மறுபடி வெளியே விட்டது...

"ராமுலு, இதுல காத்து வருது!"

"மண்ணுக்குள்ள எங்கீங்க காத்து? கையை உடாதீங்க!"

கேட்டேனா? குழாயில் கல் சிக்கியிருக்கும் என்று முழங்கை வரை விட்டுத் துழாவினேன். சுவர் ஓர் அடி கனம்தான். விரல்கள் மறுபக்கம் போய்விட்டன. சேறு. சரளைக்கல். அப்புறம்...

இன்னொரு கையின் விரல்கள்.

அவை என் மணிக்கட்டைப் பிடித்தன.

இழுத்தது. என் முகம் கான்கிரீட்டில் மோதியது. டம்! முன்பல் உடைந்து நாக்கில் விழுந்தது. கொஞ்சம் தளர்த்தியது. மறுபடி இழுத்தது. டம்! மூக்கு. டம்! நெற்றி. கண்ணெல்லாம் ரத்தம். கை வேரில் மாட்டியிருக்கும் என்கிறார்கள். வேர் இப்படியா அடிக்கும்? சொல்லுங்கள்.

நான் அலறிய அலறலில் ஷெட்டிலிருந்து ஆறு பேரும் ஓடி வந்தார்கள். அப்புசாமியும் வந்தார். எல்லோருமாகக் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். இடுப்பு கரைப் பக்கம் போனது. கை வரவில்லை.

மணிக்கட்டு முருங்கைக்காய் போல ஒடிந்தது. அந்தச் சத்தம் எனக்கே கேட்டது.

அப்போது சுவருக்குள்ளிருந்து...

டங்... டங்... டங்...

இரும்பால் இடிக்கிறார்கள்.

என் கண் முன்னால் விரிசல் அகன்றது.

"மாதாவே!" என்று கத்தினேன்.

விட்டது.

அவர்கள் என்னைக் கரையில் இழுத்துப் போட்டபோது மணி 3.41. சுவர் பள்ளத்துக்குள் கவிழ்ந்தது. அதன்மேல் மண் சரிந்தது. மண்ணோடு ஷெட்டும் எட்டுத் தறிகளும் போயின. உள்ளே ஒருவரும் இல்லை. எல்லோரும் என் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அது என்னைக் கொல்லப் பார்த்ததா, அவர்களை வெளியே வரவைத்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தப் பிடியில் இருந்தது ஆத்திரம். அதை மட்டும் சத்தியமாகச் சொல்வேன்.

ஒன்பதாம் நாள் இடிபாடுகளை அள்ளியபோது ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. பக்கத்தில் கடப்பாரை. சுவரின் பின்பக்கம், ஐந்தாவது ஓட்டையைச் சுற்றிலும் கடப்பாரை குத்திய தழும்புகள். அறுபத்திரண்டு என்று போலீஸ்காரர் எண்ணினார். உடைந்த குழாய்த் துண்டு அந்த மண்டையோட்டின் பற்களுக்கு நடுவே இருந்தது.

சட்டைப்பையில் பிளாஸ்டிக் கவருக்குள் ஆதார் அட்டை. மாசாணம், வயது இருபத்து நான்கு. என்னிடம் வேலை செய்தவன். ஆடி பிறந்தால் அப்புசாமி எதையும் தொடங்க மாட்டார் என்பதால், 2022இல் ஆனி கடைசி நாள் சாயங்காலம் ஜேசிபி வைத்து அவசர அவசரமாக மண் தள்ளினோம். வேலை முடிந்து பார்த்தால் மாசாணத்தைக் காணோம். புது மாப்பிள்ளை, ஆடி நோம்பிப் பண்டிகை விருந்துக்கு அந்தியூர் மாமனார் வீட்டுக்கு ஓடிவிட்டான் என்று கேலி பேசிச் சிரித்தோம். அங்கேயோ, வேலை முடியவில்லை போல என்று இருந்துவிட்டார்கள். பிறகு இரண்டு பக்கமும் அவனை ஓடிப்போனவன் என்றே முடிவு கட்டிவிட்டோம்.

அவன் மனைவி பிரவீனா மட்டும் மறுநாள் சாயங்காலமே பஸ் ஏறித் தேடி வந்தாள். சுவரோரம் புது மண்மேல் வந்து நின்றாள்.

"ஏனுங்க, கீழ ஏதோ தட்டற சத்தம் கேக்குதுங்களே?"

"பக்கத்து ஷெட்டுல தறி ஓடுது அம்மணி. நீ ஊட்டுக்குப் போ," என்று அனுப்பிவைத்தேன்.

அன்று ஆடி ஒன்று. நோம்பிக்கு எல்லோருக்கும் லீவு. அந்த வட்டாரத்தில் ஒரு தறிகூட ஓடவில்லை.