கேஜ் காட்டாத கசிவு

பத்திநாதன் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஏ.சி. மெக்கானிக். குளச்சல் கடற்கரைக்காரர். வயது நாற்பத்தாறு, வாய்க்குப் பதினாறு. கேஸ் போடக் கூப்பிடுகிற எல்லோருக்கும் ஒரே பாட்டுத்தான்.

"கேஜ் முள்ளு இன்னைக்கு உள்ள பிரஷரைத்தான் காட்டும், கேட்டியா. சின்ன ஓட்டைன்னா மூணு மாசம் கழிச்சுத்தான் தெரியும். முள்ளு நேரா நிக்குன்னு பைப்பு பத்தினின்னு நெனச்சிராத."

இந்த ஞானத்தைச் சொந்தப் பைப்புக்குப் பயன்படுத்த அவருக்குத் தோன்றியதில்லை.

அஜ்மானில் விஜயபாஸ்கர் இருந்தான். மன்னார்குடிக்காரன், முப்பது வயது, வேன் டிரைவர். வெள்ளிக்கிழமை பகலில் அவன் அறைக்காரர்கள் தொழுகைக்கும் பிரியாணிக்கும் போய்விடுவார்கள், பத்திநாதன் ஏ.சி. பார்க்க வருவார். ஒரே வருடத்தில் அந்த ஏ.சி. நாற்பது முறை பழுதானது. அமீரகத்திலேயே அதிகக் கவனிப்புப் பெற்ற ஏ.சி. அதுவாகத்தான் இருக்கும்.

ஊரில் எலிசா என்ற மனைவியும் ஷாஜினி என்ற மகளும் இருப்பதை அவர் மறைத்ததில்லை. எலிசாவின் மேலும் ஆசைதான். ஸ்பிளிட் ஏ.சி. மாதிரி: உள்ளே ஒரு யூனிட், வெளியே ஒரு யூனிட்.

விஜயபாஸ்கர் எங்கிருந்தோ கஞ்சா கொண்டு வருவான். பிடிபட்டால் வருடக்கணக்கில் ஜெயில். முதல் இழுப்புவரை பத்திநாதனுக்கு ஆணுறை ஞாபகம் இருக்கும். மூன்றாவது இழுப்புக்குப் பிறகு ஞாபகம் என்றொரு உறுப்பே இருக்காது. வாங்கிய பாக்கெட் டூல் பெட்டியில் நட்டுகளோடு கிடந்து காலாவதியானது.

முதல் தடவை அவர் தயங்கியபோது விஜயபாஸ்கர் ஒரு காகிதத்தை நீட்டியிருந்தான்.

"போன வாரம்தான் விசா மெடிக்கல்ணே. ஃபிட்டு. முத்திரையப் பாருங்க."

"கவர்மெண்டே சொல்லியாச்சு. பொறவென்ன?"

தொழிலாளர் கேம்ப்பில் 'ஃபிட்' என்பது ரத்தத்துக்கான சான்றிதழ் மட்டுமல்ல, கற்புக்கும் அதுதான். விஜயபாஸ்கர் அதை ஜெராக்ஸ் எடுத்து, தை மாதம் கட்டப்போகிற அருணாவின் வீட்டுக்கும் அனுப்பியிருந்தான். ஜாதகத்தைவிட அது நன்றாகப் பொருந்தியதாம்.

2006 நவம்பரில் பத்திநாதனின் விசா புதுப்பிப்பு வந்தது. மெடிக்கலில் தவறினால் நேரே ஊருக்கு விமானம். அறைத்தோழன் நாகலிங்கம் கலங்கடித்தான்.

"கஞ்சா நாப்பது நாளு ரத்தத்துல நிக்கும்ணே. எலுமிச்சம்பழம் ஒண்ணுதான் முறிக்கும்."

நாற்பது நாள், நாற்பது பழம். பத்திநாதனின் பல் கூசியது, வயிறு எரிந்தது. புகையைத் தொடவேயில்லை. ரத்தம் கொடுத்துவிட்டு நிம்மதியாக ஏப்பம் விட்டார்.

இரண்டு நாள் கழித்துத் திரும்ப அழைத்தார்கள். இன்னொரு முறை ரத்தம் எடுத்தார்கள். அடுத்த வாரம் மறுபடியும் கூப்பிட்டார்கள். நர்ஸ் ராதா நாகர்கோவில்காரி.

"கஞ்சா இன்னும் போவல்லியா மக்களே?" என்றார் பத்திநாதன்.

"ஐயோ, மெதுவா! அத இங்க யாரும் பாக்கல்ல அண்ணே." கதவைச் சாத்தினாள். "இது எச்.ஐ.வி. ரெண்டு தடவையும் அதேதான்."

நாற்பது எலுமிச்சம்பழம் வீண் என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றியது. அதன் பிறகுதான் அஜ்மான் ஞாபகம் வந்தது.

"ஃபிட்டுன்னு காயிதம் வச்சிருக்கவன்கிட்ட இது இருக்குமா?"

"இருக்கும். ஒட்டின உடனே டெஸ்டுல தெரியாது. மூணு மாசங்கூட ஆவும்."

மூன்று மாசம். தன் பாட்டை அடுத்தவர் வாயில் கேட்பது அதுவே முதல் தடவை.

"ஊர்ல கவர்மெண்ட் ஆஸ்பத்திரில மாத்திரை குடுக்காங்க, பயப்படாதீங்க" என்றாள் ராதா. "ஊருக்கு ஏத்துறவரைக்கும் உள்ளதான் வைப்பாங்க, இப்ப செக்யூரிட்டி வந்து போனை வாங்கிருவாங்க. ஒரு ஆளுகிட்ட பேசணும்னா பேசிக்கிடுங்க."

எலிசாவை ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், அடிகூட வாங்கிக்கொள்ளலாம். தை மாதம் காத்திருக்காது. விஜயபாஸ்கரின் எண்ணை அழுத்தும்போதே காவலாளி உள்ளே வந்துவிட்டான். மலையாளி, தமிழ் புரியும்.

"லேய், உன் ஏ.சி.யில லீக் இருக்கு."

"நல்லாத்தானே ஓடுது? கூலிங் பிச்சிக்கிட்டு வருது."

"இன்னைக்கு ஓடும். நம்ம ரெண்டு யூனிட்டுக்கும் ஒரே லைனு. என் யூனிட்டு போச்சு. மெடிக்கல்ல இருந்து பேசுதேன்."

"நம்மதான் கேஜ் பாத்தோமேண்ணே... முத்திரை..."

"அது அன்னைக்கு உள்ள பிரஷர். யாரு ஓட்டைன்னு இப்ப சண்டை வேண்டாம். ஊருக்குப் போன உடனே டெஸ்ட் பண்ணு. அதுக்கு முன்னால புது ரூமுக்குக் கனெக்‌ஷன் குடுத்துராத. அந்தப் பிள்ளைய கெடுத்துராத மக்கா."

"தை மாசம்ணே..."

"தை எல்லா வருசமும் வரும்லே."

காவலாளி போனை வாங்கிக்கொண்டு கேட்டான்: "சேட்டன் ஏ.சி. மெக்கானிக்கா? என் ரூமிலும் கூலிங் இல்லா."

"ஓட்டையா இருக்கும்" என்றார் பத்திநாதன். "முள்ளை நம்பாத."

அடுத்த வாரமே அவரை ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். எலிசாவின் டெஸ்டில் ஒன்றுமில்லை. அவரது கடைசி லீவு விஜயபாஸ்கருக்கு முந்தையது. அவள் ஒரு மாதம் பேசவில்லை. பிறகு தினமும் மீன்குழம்போடு மாத்திரையையும் வைத்தாள். "செத்துத் தொலையாதேயும், திட்ட ஆளு வேணும்."

அந்த நோய் அவரைக் கொல்லவில்லை. 2009இல் நாகர்கோவில் ஓட்டல் ஒன்றின் மாடியில், அவுட்டோர் யூனிட் பக்கம் ஏணி வழுக்கியது. வாடகை ஃப்ரீசர் பெட்டியில் கிடத்தினார்கள். கூலிங் ஏறவில்லை. பெட்டிக்காரன், "மீட்டர் சரியாத்தான காட்டுது" என்றான். ஏ.சி. மெக்கானிக்குக்கு இப்படி ஒரு கடைசிப் பயணம்.

கூட்டத்திலிருந்து மெலிந்த ஒருவன் வந்து பெட்டியின் பின்னால் குனிந்தான். கையை வைத்துத் தடவினான்.

"லீக் இருக்குதுங்க. வேற பெட்டி கொண்டாரச் சொல்லுங்க."

ஷாஜினி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். லேப் படிப்பு முடித்தவள். மூன்று வருடமாக அப்பாவின் ரிப்போர்ட்டுகளைப் படித்தவள் அவள்தான். அப்பாவின் ஷார்ஜா கதைகளைக் கேட்டவளும் அவள்தான்.

"அஜ்மான் ஏ.சி. நீங்கதானா?"

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஆமாம்மா. நானும் மாத்திரையிலதான் ஓடுறேன்."

"கல்யாணம்?"

"நிறுத்திட்டேன். அருணாவுக்கு இப்ப வேற வீட்டுல கைக்குழந்தை இருக்கு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

வேறு பெட்டி கொண்டுவரச் சொல்ல, ஷாஜினி பெட்டிக்காரனைத் தேடிப் போனாள்.