ஈப்போ போய்ச் சேராத இரண்டு கிலோ

மலேசியாவில் பால்கோவாவுக்கு ஜெயில் என்று நான் நம்பினேன். சட்டம் படித்து அல்ல. ராஜபாளையம் டீக்கடையில் ஒருவர் கைப்பேசியில் போட்டுக் காட்டிய குரல் செய்தியைக் கேட்டு. “பால் சாமானோட இறங்குனா உள்ளதான்” என்றது அது. யார் குரல் என்றுகூடக் கேட்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் என் அறிவு அம்புட்டுத்தான்.

புதன், காலை. அந்தச் செய்தி காதில் ரீங்கரிக்க, பன்னிரண்டு கிலோமீட்டர் பேருந்தில் போய் ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு கிலோ பால்கோவா வாங்கினேன். எண்ணூறு ரூபாய். வாங்காமல் இருக்க முடியாது. ஈப்போவில் வாக்கப்பட்ட என் அக்காவின் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். தாய்மாமன் தட்டு நான் வைக்க வேண்டும். “பூ, பழமெல்லாம் இங்க கிடைக்கும்லே. நம்ம ஊர்ப் பால்கோவா மட்டும் உன் கையால வரணும். தெரு பூராம் சொல்லி வச்சிருக்கேன்” என்று அக்கா போனில் சொல்லியிருந்தாள். இருபது வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட ஒரே பொருள்.

வியாழன், காலை. திருச்சியில் ஏறி கோலாலம்பூரில் இறங்கினோம். பக்கத்து இருக்கைக்காரர் எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சேத்தூர்க்காரர். மகளைப் பார்க்கப் போகிறார். எங்கள் இருவருக்கும் ஒரே ஏஜெண்ட் போட்டுக்கொடுத்த சலுகை டிக்கெட், பத்து நாளில் திரும்புவதும் ஒரே விமானம். அவரிடமும் ஒரு கிலோ பால்கோவா இருந்தது. மனிதர் நிம்மதியாகத் தூங்கி வந்தார்.

சுங்கப் பகுதியில் ஒரு நாய். காது தொங்கிய, முழங்கால் உயரம்கூட இல்லாத நாய். ஊர்ப்பேரையே நாய்க்குக் கொடுத்த ஊரில் பிறந்தவன் நான். அதைப் பார்த்ததும் பால்கோவாப் பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

“அண்ணாச்சி, எதுக்கு வேர்க்குது? அந்த ஆபீசர்ட்ட காட்டிக் கேட்டுருவோம். கூடாதுன்னா வச்சுட்டுப் போவோம்” என்றார் சேத்தூர்க்காரர்.

“நீங்க கேளுங்க. இதையும் செத்த நேரம் பிடிங்க, பாத்ரூம் போயிட்டு வாரேன்.”

பால்கோவாப் பையை அவர் கையில் திணித்தேன். பாத்ரூம் போகவில்லை. வாசலைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல், நாற்பத்திரண்டு ரிங்கிட் கொடுத்து ஈப்போ பேருந்தில் ஏறிவிட்டேன். இருநூற்றறுபது கிலோமீட்டர். ஜன்னலுக்கு வெளியே எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் முடிவில்லாமல் ஓடின. மசூதிக் கும்மட்டம், சீனக் கோயிலின் சிவப்புக் கூரை, முருகன் கோயில் கோபுரம் என்று மாறி மாறி வந்தன. நானோ, அந்த மனிதரைக் கைவிலங்கோடு கூட்டிப்போவதைக் கற்பனை செய்துகொண்டிருந்தேன். சேத்தூரில் அவர் வீடு எந்தத் தெரு என்று கேட்காமல் விட்டோமே, வீட்டாருக்கு எப்படித் தகவல் சொல்வது என்றுகூட யோசித்தேன்.

ஈப்போ வீட்டில் அக்கா என் துணிப்பையைத் திறந்து பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

“விடல, புடுங்கிட்டாங்க” என்றேன்.

“உன்னைய ஒண்ணும் செய்யலல்ல? அது போதும்லே” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சனி, காலை. ஊரெல்லாம் தேடியாவது வாங்கிவிடுவது என்று வாடகைக் காரில் கிளம்பினேன். அறுபது வயதுச் சீனர் ஓட்டினார். தமிழ் தண்ணீராக வந்தது. ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவராம். ஊரைச் சுற்றிச் சுண்ணாம்பு மலைகள். எங்கள் ஊர்ச் சஞ்சீவி மலையைப் பத்தாக்கி நட்டதுபோல. லிட்டில் இந்தியாவில் ஐந்து கடை ஏறி இறங்கினோம். லட்டு இருந்தது, அல்வா இருந்தது. ஆறாவது கடை வாசலில் அவர் வண்டியை நிறுத்தினார்.

“ஒரு இனிப்புக்கு இவ்வளவு அலைச்சலா சார்?”

“எங்க அக்கா கேட்டது.”

“அப்போ அதுக்குப் பதிலா வேற எதுவும் ஆகாது சார்” என்றார். ஆறாவது கடையிலும் பால்கோவா இல்லை.

ஞாயிறு, காலை பத்து மணி. பக்கத்து வீட்டு மலாய் அம்மாள் பச்சையும் வெள்ளையுமாகத் தேங்காய்ப்பால் பலகாரம் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தார். என்னைப் பார்த்துச் சிரித்து, “பால்கோவா?” என்றார். அக்கா அந்தச் சொல்லை அவருக்கு ஒரு மாதமாகப் பழக்கியிருந்தாள். தாய்மாமன் தட்டின் நடுவே துடைத்து வைத்த வெள்ளிக் கிண்ணம் காலியாக இருந்தது. அக்கா யார் முகத்தையும் பார்க்காமல் அதில் நாலு வாழைப்பழத்தை வைத்தாள். நான் தட்டைத் தூக்கிக் கொடுத்தேன். போட்டோவில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த சனி. திரும்பும் வழியில், விமான நிலைய வரிசையில் எனக்கு முன்னால் சேத்தூர்க்காரர். கைவிலங்கு இல்லை, ஒரு சுற்றுப் பருத்திருந்தார்.

“ஏன் அண்ணாச்சி, பாத்ரூம் போனா வர வேண்டாமா? மக வீட்ல அவிய எல்லாரும் உங்க பால்கோவாவ ரெண்டு நாள்ல காலி பண்ணிட்டாவ. நம்பர்கூட வாங்கலையேன்னு எம்புட்டு சங்கடமாப் போச்சு தெரியுமா?”

“அன்னைக்கு என்ன சொன்னான் ஆபீசர்?”

அவர் சொன்னது இதுதான். அதிகாரி மூடியைத் திறந்தார். என்ன இது என்று கேட்டார். பால் இனிப்பு, மகள் வீட்டுக்கு என்று இவர் சொன்னார். அதிகாரி மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். இவர் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, முக்கால் மணி நேரம் எனக்காக நின்றார். நான் அப்போது ஈப்போ பேருந்தில் இருந்தேன்.