மான்கொம்புக் காடு இருந்த இடம்

படகுக்காரர் ஒரு காலத்தில் தன் மச்சானுக்குப் பெருங்கடன் பட்டிருந்தார். படகும் இயந்திரமும் வாங்கிய கடன். அதை அடைத்தது மீன் அல்ல, பவளப்பாறை. வேடிக்கை பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய், தண்ணீருக்கடியில் மான்கொம்புப் பவளக் காட்டைக் காட்டியே காசு பாக்கியில்லாமல் தீர்த்தார். பள்ளிக்கூட வாசலை எட்டிப் பார்த்ததோடு சரி. ஆனால் மேசைப் பவளம் எங்கே, மூளைப் பவளம் எங்கே என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் கொண்டுபோய் நிறுத்துவார். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கரையில் அவருக்கு நிகர் அவர்தான்.

முழங்கால் வலியால் இரண்டு வருஷமாகப் பாறைப் பக்கம் போகவில்லை. பவள இனங்களைக் கணக்கெடுக்கும் ஆராய்ச்சிக்கார அம்மா மறுபடி வந்து கூப்பிட்டதும் வலி பறந்துவிட்டது.

"இடம் ஒரு முழம் தப்பினா கூலியே வேணாம்மா!"

கரையில் தெரிந்த விளக்குக் கோபுரத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் ஒரே கோட்டில் பிடித்து நங்கூரம் போட்டார். அம்மா அளவுநாடாவோடு இறங்கினார். நாடாவுக்கடியில் எந்தெந்த இனம் வருகிறதென்று எழுதுவது அவர் வேலை. கொஞ்ச நேரத்தில் மேலே வந்தார்.

"இடம் மாறிடுச்சு அண்ணே. வெறும் கல்லா கிடக்கு."

"யாருகிட்ட சொல்றீங்க? பொண்டாட்டி முகம் மறந்தாலும் இந்த இடம் மறக்காது எனக்கு!"

"அண்ணிகிட்ட சொல்லிடவா?"

ரோஷத்தில் படகுக்காரரே குதித்தார். கீழே ஒடிந்த கிளைகள் பாசி பிடித்துக் குவிந்திருந்தன. ஓரத்தில் மூளைப் பவளம் இரண்டு மட்டும் உயிரோடு. மீன் பேருக்குக்கூட இல்லை. இது அந்த இடமே இல்லை என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. மேலே வந்து, பிறந்ததிலிருந்து சொல்லாத வார்த்தையைச் சொன்னார்.

"தப்புதாம்மா. வயசாயிடுச்சு. வாங்க, அந்தப் பக்கம் தேடுவோம்."

அம்மா மறுபடி இறங்கினார். வந்தபோது குரல் தாழ்ந்திருந்தது.

"போன தடவை நான் அடையாளத்துக்கு அடிச்ச இரும்பு முளை அங்கேயே இருக்கு அண்ணே. இடம் சரிதான். போன கோடையில கடல் சூடேறிச்சே, மான்கொம்பு அதைத் தாங்காது."

"நல்லாப் பார்த்தீங்களா? வேற யாராச்சும் அடிச்சிருப்பாங்க."

"என் நம்பர் அதுல இருக்கு."

"ஏதாச்சும் செய்யலாமில்ல? திரும்ப நட்டா?"

"நடலாம். இந்தச் சூடு இருக்கிற வரைக்கும் நிக்காது."

கரை வந்ததும் அம்மா கூலி கொடுக்கப் பையைத் திறந்தார்.

"வேணாம்மா. தப்புன்னே வெச்சுக்குங்க."

"சரியா கூட்டிட்டுப் போனீங்க அண்ணே. பிடிங்க."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அம்மா விடவில்லை, கையை இழுத்து விரல்களைப் பிரித்தார். விரிந்து கிடந்த அந்த உள்ளங்கையில் நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார்.