எங்கள் தெருவுக்கு ரேஷன் கடை வந்த கதை

இன்று ரேஷன் கடை வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற புதுப்பெண் கேட்டாள்: "இந்தக் கடை எப்பவுமே இங்கதான் இருக்குதுங்களா ஆன்ட்டி?"

சிரிப்பு வந்துவிட்டது.

எண்பதுகளில் என் கணவருக்கு ஓசூர் ஃபேக்டரியில் வேலை கிடைத்து, மதுரையிலிருந்து இங்கே குடிவந்தோம். ரேஷன் அரிசிக்கு பஸ் ஏறிப் போகவேண்டும். போகும் நேரத்தில் ஸ்டாக் தீர்ந்திருக்கும். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அன்றைய கூலியும் போய்விடும்.

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா, தன் வீட்டுக்காரரின் வெங்காயக் குடோனைக் கடைக்குத் தருவதாக மனு கொடுத்தார். பார்க்க வந்த வழங்கல் அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

"மண் தரைம்மா. மழை வந்தா மூட்டையெல்லாம் நனைஞ்சிரும். அனுமதி குடுக்க முடியாது."

"என்ன செஞ்சா குடுப்பீங்க சார், அதச் சொல்லுங்க" என்றார் அக்கா.

"சிமென்ட் தரை வேணும். மூட்டைக்கு அடியில பலகை வேணும். வாசல் உசரமா இருக்கணும்."

தெருவே சேர்ந்து தரை போட்டது. ஃபேக்டரிக்கு மிஷின் வந்த மரப்பெட்டிகளின் பலகையை என் கணவர் கேட்டு வாங்கி வந்தார். பெண்கள் நாங்கள் மண் சுமந்து வாசலை உயர்த்தினோம்.

அதிகாரி மறுபடி வந்தார்.

"தண்ணி உள்ள வராதுன்னு எப்படி நம்பறது?"

அக்கா ஒரு குடம் தண்ணீரை வாசற்படியில் கவிழ்த்தார். அது நேராகத் தெருவுக்கு ஓடி, அதிகாரியின் செருப்பை நனைத்தது.

அவர் சிரித்துவிட்டார். "சரிம்மா, எழுதி அனுப்பறேன்."

கடை வந்தது. முதல் அரிசியில் ஏகப்பட்ட கல். பஸ் ஏறாமல் கிடைத்த கல் என்பதால் யாரும் திட்டவில்லை.

உங்கள் தெருவுக்குக் கடை கொண்டுவந்தது யார்? பெயரைச் சொல்லுங்கள்.